உப்பும் உழைப்பும்

உப்பு என்றவுடன் தமிழ் பேசும் மக்களின் மனக்கண்முன் தோன்றுவன கடலும் வெய்யிலும் பாத்திகளுமே. கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி, ஞாயிற்றின் வெம்மையால் வற்றச் செய்து, திரண்டுவரும் வெண்படிகங்களை வாரிக் குவிக்கும் உப்பளமே அவர்கள் கண்டு பழகிய காட்சி. நெல்லைப் போலவே உப்பும் 'விளைகிறது' என்று கூறுவது தமிழ் வழக்கு. நிலத்தினடியிலிருந்து பாறையாக வெட்டி எடுக்கப்படும் உப்பும் உண்டென்பதை நாட்டு வைத்தியர் 'இந்துப்பு' என்ற பெயரால் நன்கறிவர். எனினும் அத்தகைய உப்பு வெட்டப்படும் இடம் எவ்வாறிருக்கும், அதனை வெட்டியோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பன பற்றிச் சிந்திக்கும் வாய்ப்பு, கடலாற் சூழப்பட்ட நாடுகளில் வாழ்வோருக்கு அரிதாகவே கிட்டுகின்றது. போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் அலுவலொன்றின் நிமித்தம் சில நாள்கள் தங்கியிருந்த இலங்கைப் பயணியொருவருக்கு அவ்வாய்ப்புக் கிட்டியது. பல்கலைக்கழகமொன்றிற் கற்பிப்பவர் அவர்.

கிராக்கோவிற்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது வியெலிச்கா என்னும் சிறு நகரம். இடைக்கால ஆவணங்கள் இதனை 'மாக்னும் சால்' என்ற இலத்தீன் பெயராற் குறித்தன. 'பேருப்பு' என்பது அதன் பொருள். ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இப்பிரதேசம் கடலாக இருந்தது. அக்கடல் வற்றியபோது உப்புப் படிவுகள் தங்கின. பின்னர் கார்ப்பேதிய மலைத்தொடர் உயர்ந்தெழுந்த காலத்தில் அப்படிவுகள் நெருக்குண்டு, மடிந்து, முறிந்து மண்ணினுட் புதைந்தன. எனவே, பாறையுப்பும் ஒருவகையிற் கடலுப்பே. உப்பளத்தில் மனிதர் ஒரு கோடைப் பருவத்திற் செய்து முடிப்பதை, இங்கு இயற்கை மனிதர் எவரும் தோன்றுமுன்னரே செய்து வைத்துவிட்டது.

புதிய கற்கால மக்கள் இங்கிருந்த உவர்நீரூற்றுகளின் நீரை மட்கலங்களிற் காய்ச்சி உப்பெடுத்தனர். ஊற்றுகள் வற்றத் தொடங்கியபோது உவர்நீரைத் தேடிக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவ்வாறு ஆழ ஆழத் தோண்டிச் சென்ற முயற்சியின் பயனாகவே பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாறையுப்பு வெளிப்பட்டது. அன்று தொடங்கிய அகழ்வு ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது. இன்று இச்சுரங்கம் ஒன்பது தளங்களாக 327 மீற்றர் ஆழம் வரை இறங்கிச் செல்கின்றது. அதன் நடைவழிகளின் மொத்த நீளம் 240 கிலோமீற்றருக்கு மேல். உப்பெடுக்கப்பட்டதனால் உண்டான வெற்றறைகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை. 1978ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டபோது அதில் இடம்பெற்ற பன்னிரண்டு இடங்களுள் வியெலிச்காவும் ஒன்று.

பயணிகள் தனித்துச் செல்ல அனுமதியில்லை. வழிகாட்டி ஒருவரின் பின்னே, கூட்டமாகவே செல்லுதல் வேண்டும். சுரங்கத் தொழிலாளரின் சீருடையை ஒத்த கருநிற மேலங்கி அணிந்த ஒரு நடுவயதுப் பெண்மணி அன்று அக்கூட்டத்திற்கு வழிகாட்டியாக வாய்த்தார். 1635ஆம் ஆண்டிற்கும் 1640ஆம் ஆண்டிற்கும் இடையில் தோண்டப்பட்ட டனிலோவிச் குழியினூடாக, மரப்படிகள் வழியே இறக்கம் தொடங்கியது. முதலாந் தளத்தை அடைய 380 படிகள் இறங்குதல் வேண்டும். ஆழம் 64 மீற்றர். சில படிகள், ஒரு திருப்பம், மீண்டும் சில படிகள், மீண்டும் ஒரு திருப்பம் என ஒரே மாதிரியான இறக்கம். தொடக்கத்திற் படிகளை உரக்க எண்ணிக்கொண்டு வந்த இளைஞர்கள் நூறைத் தாண்டியதும் மௌனமாயினர். மேலேயிருந்த பகலொளியின் நினைவு மங்க, காலடியோசையும் மரத்தின் மணமுமே எஞ்சின.

"என் பாட்டனார் இங்கே வேலை செய்தார். அவர் இப்படிகளை ஒருநாளும் எண்ணியிருக்கமாட்டார்" என்றார் வழிகாட்டி. கூட்டத்தினர் சிரித்தனர். அவரும் சிரித்தார். ஆயினும் அவ்வார்த்தை பயணியின் உள்ளத்திற் பதிந்துவிட்டது. கண்டு களிப்பதற்காக ஒருமுறை இறங்குபவனுக்குப் படிகள் எண்ணத்தக்கவை. பிழைப்பதற்காக நாள்தோறும் இறங்குபவனுக்கு அவை எண்ணிக்கையற்றவை. ஒரே வழியில் நடந்தாலும் இருவரும் நடப்பது ஒரே இடத்திலன்று.

அடித்தளத்தை அடைந்ததும் பலருக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. சுவர்கள் வெண்மையாக இல்லை. களிமண் கலந்த அவ்வுப்பு, சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில், மெருகிடப்படாத கருங்கல்லைப் போலத் தோன்றியது. இது உப்புத்தானா என ஐயுற்ற சிறுவனொருவனை நோக்கி, "நாவால் தொட்டுப் பார்" என்றார் வழிகாட்டி. அவன் நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவினதாகவே இருப்பதனால், அங்கே கோடையுமில்லை, மாரியுமில்லை. எதிர்ப்பட்ட தொழிலாளர் இருவரும் வழிகாட்டியும் 'இறைவன் துணை நிற்க' எனப் பொருள்படும் வாழ்த்தொன்றைப் பரிமாறிக்கொண்டனர். காலை மாலை என்ற பேதம் அற்ற இடத்தில் 'நல்ல காலை' என்றோ 'நல்ல மாலை' என்றோ வாழ்த்துவதிற் பொருளில்லையன்றோ?

தொடக்கத்திலேயே காணப்படும் அறைகளுள் ஒன்று வானியல் அறிஞர் கொப்பேணிக்கஸின் பெயரைத் தாங்கியது. கையில் அண்டக்கோளத்தை ஏந்தி நிற்கும் அவரது பெருஞ்சிலை 1973ஆம் ஆண்டில், அவர் பிறந்து ஐந்நூறு ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு உப்பிற் செதுக்கப்பட்டது. கொப்பேணிக்கஸ் 1491 முதல் 1495 வரை கிராக்கோப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தவர். மாணவராயிருந்த காலத்தில் இச்சுரங்கத்தைக் காண அவர் வந்தார் என்பது மரபுவழிச் செய்தி. கூட்டத்தினர் சிலையின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டனர். பயணியின் சிந்தனையோ வேறு திசையிற் சென்றது.

கிராக்கோப் பல்கலைக்கழகத்தை 1364ஆம் ஆண்டில் நிறுவியவன் மூன்றாம் கசிமிர் மன்னன். பேராசிரியர்களின் வேதனம் வியெலிச்கா உப்புச்சுரங்கத்தின் வருவாயிலிருந்து வழங்கப்படவேண்டுமெனத் தனது சாசனத்தில் அவன் விதித்திருந்தான். அம்மன்னனின் காலத்தில் அரச கருவூலத்தின் வருவாயில் மூன்றிலொரு பங்களவு உப்பிலிருந்தே கிடைத்தது என்பர். சட்டமும் மருத்துவமும் தத்துவமும் கற்பிக்கப்படுவதற்காக எழுந்த அக்கல்விக்கூடத்தின் அத்திவாரத்தில் உப்பு இருந்தது. உப்பின் அடியில், இருளில் குனிந்து பாறையைப் பிளந்தோரின் முதுகு இருந்தது. அறிவுக்கும் உழைப்புக்குமிடையே உள்ள தொடர்பை நூல்கள் வாயிலாகப் பலமுறை கற்றும் கற்பித்தும் இருந்தவர் பயணி. ஆயினும் அத்தொடர்பின் மேலேயே கால்வைத்து நிற்கும் அனுபவம் அவருக்குப் புதியது. தேயிலையும் இறப்பரும் தெங்கும் ஈட்டித்தந்த வருவாயின் நிழலில் இலவசக் கல்வி வளர்ந்த நாட்டிலிருந்து வந்தவர் அவர். விரிவுரை மண்டபத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் எங்கோ ஒரு மலைச்சரிவில் எவரோ கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கின்றனர் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருத்தல் வேண்டும். அதன்பின் அவர் வழிகாட்டியின் உரையை வேறொரு செவியுடன் கேட்கலானார்.

அடுத்து வந்தது புனித அந்தோனியார் சிற்றாலயம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உப்பிற் குடையப்பட்ட இத்தொழுமிடம் சுரங்கத்திலுள்ள ஆலயங்களுள் மிகப் பழையது. வேலைக்குச் செல்லுமுன் தொழிலாளர் வழிபட்ட இடம் அது. அங்குள்ள திருவுருவங்களைக் கண்ட பயணி திகைத்தார். முகங்களுக்கு மூக்கில்லை, கைகளுக்கு விரலில்லை, ஆடையின் மடிப்புகள் உருகிய மெழுகென வழிந்திருந்தன. எந்தப் பகைவனும் அவற்றைச் சிதைக்கவில்லை. மேலிருந்து குழிவழியே இறங்கிய ஈரக்காற்று, நூற்றாண்டுக் கணக்கில் அவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிட்டது. உப்பிற் செதுக்குவோன் நீரில் எழுதுவோனைச் சற்றே ஒத்தவன். வேறுபாடு, நீர் உடனே மறக்கின்றது. உப்பு மெல்ல மறக்கின்றது.

பின்னர் கிங்கா அரசியின் கதை கூறப்பட்டது. ஹங்கேரி மன்னன் நான்காம் பேலாவின் மகளான கிங்கா, போலந்தின் பொலெஸ்லாவ் என்னும் கோமகனுக்கு மணம் பேசப்பட்டபோது, பொன்னையும் மணியையும் விடுத்து உப்பையே சீதனமாக வேண்டினாளாம். தந்தை அளித்த உப்புச்சுரங்கத்தில் தன் கணையாழியை எறிந்துவிட்டுப் போலந்துக்கு வந்தாள். அங்கே அவள் சுட்டிய இடத்தைத் தோண்டியபோது உப்புக்கட்டி வெளிப்பட்டது; அதைப் பிளந்தபோது உள்ளே அதே கணையாழி இருந்தது. இக்கதையைக் காட்டும் சிற்பத் தொகுதியொன்று அங்கே உண்டு: அரசி நிற்கிறாள், தொழிலாளி ஒருவன் முழந்தாளிட்டு உப்புக்கட்டியை அவளிடம் நீட்டுகின்றான்.

கதை அழகானது. போலந்து மக்கள் கிங்காவைத் தம் உப்புச்சுரங்கங்களின் காவலராகப் போற்றுகின்றனர்; 1999ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. ஹங்கேரியிலிருந்து அகழ்வுத் தொழில் பற்றிய அறிவு வந்து சேர்ந்த செய்தி இக்கதையினுட் பொதிந்திருக்கவுங் கூடும். எனினும், கதையின் அமைப்பினை நோக்குமிடத்து ஓருண்மை புலப்படும். தோண்டியவன் கண்டெடுக்கிறான், ஆனால் கண்டுபிடிப்பு அரசிக்கு உரியதாகின்றது. கட்டியைப் பிளந்த கைக்குக் கதையிற் பெயரில்லை. உலகெங்கணும் பழங்கதைகள் பெரும்பாலும் இவ்வாறே அமைந்துள்ளன. சிற்பத்தில் அவன் முழந்தாளிட்டிருப்பதும் தற்செயலன்று.

அடுத்த அறையின் நிலை வேறு. அங்கே காட்டப்பட்டது 'பாவப்பரிகாரிகள்' எனப்பட்டோரின் தொழில். சுரங்கத்தின் கூரைப்பகுதியில் மெதேன் வாயு திரளும். காற்றுடன் கலந்து அது பெருகுமாயின், ஒரு விளக்கின் சுடரே பெருவெடிப்பை உண்டாக்கப் போதுமானது. அது திரளுமுன் சிறிது சிறிதாக எரித்துவிடுதல் இவர்களது கடமை. நனைந்த ஆடையுடன், நீண்ட கழியின் நுனியிற் பந்தத்தைக் கட்டி, தரையோடு தரையாக ஊர்ந்து சென்று மேலே திரண்டிருக்கும் வாயுவிற் தீயிடுவர். வாயு குறைவாயின் எரிந்து அடங்கும். மிகுதியாயின் ஊர்ந்தவன் மீளான். வழிகாட்டி இதனை ஓரிரு நிமிடங்களிற் கூறி முடித்தார். பொம்மை உருவங்களின் மேல் செவ்வொளி பாய்ந்தது. வெடியோசை போன்றதோர் ஒலி எழுந்தது. குழந்தைகள் கூச்சலிட்டு மகிழ்ந்தனர்.

பயணிக்கு மனம் இடறியது இங்கேதான். ஒரு மனிதனின் அச்சம் இன்னொரு மனிதனின் கேளிக்கையாவது முறையா என்ற வினா அவருள் எழுந்தது. ஆயினும் அவ்வினாவுக்கு எதிர்வினாவும் உடனெழுந்தது: இக்காட்சி இல்லையெனில், இத்தொழில் செய்தோர் இருந்தனர் என்பதை அக்குழந்தைகள் எங்கே அறிந்திருப்பர்? கேளிக்கையின் வழியாகவேனும் ஒரு செய்தி பிழைத்திருத்தல் மேலா, அன்றி மதிப்பான மௌனத்தில் அது மறைந்துபோதல் மேலா? கண்காட்சிச் சாலைகளையும் மரபுரிமைத் தலங்களையும் பேணும் எந்த நாட்டினரும் எதிர்நோக்கும் வினா இது. இதற்கு எளிய விடை இல்லை.

கசிமிர் மன்னனின் பெயரைத் தாங்கிய அறையில், அவனது உப்புச்சிலைக்கு அருகே, குதிரைகள் சுழற்றிய பெரும் மரப்பொறியொன்று நிற்கின்றது. 1368ஆம் ஆண்டில் அம்மன்னன் இயற்றிய சட்டம் உப்புச்சுரங்கங்களின் நிர்வாகம், உற்பத்தி, விற்பனை ஆகியவற்றை வரையறை செய்தது. பாறையிலிருந்து பிளக்கப்பட்ட உப்பு, உருட்டிச் செல்வதற்கு ஏற்ற பெரும் உருளைகளாகச் செதுக்கப்பட்டது. ஒரு தொன் நிறையைத் தாண்டிய உருளைகளும் இருந்தன. அவற்றைக் கயிற்றில் மேலேற்றுவதற்கு முன்னர் மனிதரும், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து குதிரைகளும் பொறிகளைச் சுழற்றினர். நிலத்தடியில் லாயங்கள் அமைக்கப்பட்டன. பல குதிரைகள் ஆண்டுக்கணக்காக அங்கேயே வாழ்ந்து உழைத்தன. வியெலிச்காவின் இறுதிச் சுரங்கக் குதிரையான பாஷ்கா மேலே கொண்டுவரப்பட்டது 2002ஆம் ஆண்டிலேயே. அதன் பெயரை வழிகாட்டி கூறியபோது கூட்டத்தில் இரக்க ஒலியொன்று எழுந்தது. பாவப்பரிகாரிகளின் கதைக்கு அவ்வொலி எழவில்லை என்பதைப் பயணி கவனித்தார். பெயருள்ள குதிரைக்கு இரங்குவது, பெயரில்லா மனிதனுக்கு இரங்குவதிலும் எளிது.

இவ்வாறு இறங்கியும் நடந்தும் வந்த கூட்டம் 101 மீற்றர் ஆழத்தில், மேல்மாடம் போன்றதோரிடத்தை அடைந்தது. கீழே புனித கிங்காவின் ஆலயம். அனைவரும் ஒருகணம் பேச்சற்று நின்றனர். 54 மீற்றர் நீளமும் 18 மீற்றர் அகலமும் 12 மீற்றர் உயரமும் கொண்ட அம்மண்டபத்தில், படிகள், பீடம், சிற்பங்கள், தரை யாவும் உப்பு. தரையிற் பதித்த கற்களென்று தோன்றுவன தனித்தனிக் கற்களல்ல. ஒரே உப்புப் பாறையின்மேற் கீறப்பட்ட கோடுகள். கூரையிலிருந்து தொங்கும் சரவிளக்குகளின் மணிகள் மாசற்ற உப்புப் படிகங்கள்.

இவ்வாலயத்தை எழுப்பியோர் அரண்மனைச் சிற்பிகளல்லர். 1896ஆம் ஆண்டில் வேலையைத் தொடங்கிய யோசெப் மார்க்கொவ்ஸ்கி ஒரு சுரங்கத் தொழிலாளி. அவருக்குப்பின் அவர் சகோதரர் தோமாஸ் மார்க்கொவ்ஸ்கி தொடர்ந்தார். அவருக்குப்பின் அந்தோனி விரொடெக் என்னும் தொழிலாளி பொறுப்பேற்று 1963ஆம் ஆண்டு வரை பணியாற்றினார். மூவரின் கைகளில் அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்துள் இரு உலகப் போர்கள் நிகழ்ந்தன. ஒஸ்திரியப் பேரரசு சிதைந்தது. போலந்து மீண்டும் ஒரு நாடாக எழுந்து, மீண்டும் அடிமையுற்று, மீண்டும் எழுந்தது. விரொடெக் 1935ஆம் ஆண்டிற் செதுக்கிய 'இறுதி இராவுணவு' என்னும் புடைப்புச் சிற்பத்தில், சில அங்குல ஆழத்தினுள்ளேயே ஒரு நீண்ட அறையின் தூரம் முழுவதும் தோன்றுகின்றது. அகழும் கருவியைப் பிடித்துப் பழகிய கை அத்தகைய நுட்பத்தை எய்தியமை வியப்புக்குரியது.

கிங்காவின் கதையிற் கட்டியைப் பிளந்தவனுக்குப் பெயரில்லை. கிங்காவின் ஆலயத்திலோ செதுக்கியோருக்குப் பெயருண்டு. இவ்விரண்டுக்குமிடையேயுள்ள தூரம் வரலாற்றில் மிக நீண்டது எனப் பயணி எண்ணினார். உழைப்பவன் தன் உழைப்பிற்கப்பால் ஒன்றைத் தானே படைக்கும்போதுதான் அவனது பெயர் வெளிப்படுகின்றது போலும். ஆனால் அது நீதியாகுமா? சிற்பம் செதுக்கிய மூவரின் பெயர் நிலைத்தது. அச்சிற்பங்களுக்கு இடமாயிருந்த வெற்றறையைத் தோண்டிய நூற்றுக்கணக்கானோரின் பெயர் நிலைக்கவில்லை. ஆலயம் என்பது உண்மையில் உப்பு அகற்றப்பட்டதால் உண்டான வெறுமையே. அவ்வெறுமையை முதலில் உண்டாக்கியவர் அவர்களே.

சுற்றுலா மேலும் தொடர்ந்தது. 35 மீற்றர் உயரத்துக்கு அடுக்கப்பட்ட மரத்தூண்கள் தாங்கும் மிகாலொவிச்சே அறை, கரும்பச்சை நிற உவர்நீர் ஏரிகள் என்பன அடுத்தடுத்துக் காட்டப்பட்டன. 1772ஆம் ஆண்டில் போலந்து முதன்முறையாகக் கூறுபோடப்பட்டபோது இச்சுரங்கம் ஒஸ்திரியாவின் கைக்குச் சென்றது. அவ்வாட்சிக் காலத்தில் விருந்தினர் வருகை பெருகியது. ஜேர்மன் கவிஞர் கதே 1790ஆம் ஆண்டிலும், இசைமேதை ஷோப்பன் 1829ஆம் ஆண்டிலும் இங்கு வந்தனர். ஏரியிற் படகோட்டும் கேளிக்கையும் இருந்தது. 1915ஆம் ஆண்டிற் படகொன்று கவிழ்ந்து படைவீரர் சிலர் மாண்டதன்பின் அது நின்றது. 1944ஆம் ஆண்டில், ஜேர்மனிய நாசிகள் நிலத்தடியில் வானூர்திப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றை அமைக்க முயன்று, வதைமுகாமிலிருந்து யூதக் கைதிகளை அடிமைவேலைக்குக் கொண்டுவந்தனர். போர்முனை அண்மித்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. கைதிகள் வேறு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். இச்செய்தி கூறப்பட்டபோது வழிகாட்டியின் குரல் தாழ்ந்தது. கூட்டமும் அமைதியாயிற்று. இங்கே செவ்வொளியும் வெடியோசையும் இல்லாமையைப் பயணி உணர்ந்தார். எதனைக் காட்சியாக்கலாம், எதனை ஆக்கலாகாது என்பதைக் காலத்தின் தூரமே தீர்மானிக்கின்றது போலும். முந்நூறு ஆண்டு கடந்த துன்பம் கதையாகிவிடுகின்றது. எண்பது ஆண்டு கடந்த துன்பம் இன்னும் துன்பமாகவே இருக்கின்றது.

இரண்டரை மணி நேரம் நடந்தும், பயணிகள் கண்டது மொத்தச் சுரங்கத்தின் நூற்றில் இரண்டு பங்கினையும் எட்டாது. எஞ்சிய பகுதி இருளிற் கிடக்கின்றது. அதனை நோக்கிச் செல்லும் ஒரு கிளைவழியின் மரக்கதவு பூட்டப்பட்டிருந்தது. அதனருகே நின்ற பயணி வழிகாட்டியிடம், "உப்பு வெட்டுவது நின்றுவிட்டதே, பின் நாம் வழியிற் கண்ட தொழிலாளர் என்ன செய்கின்றனர்?" என வினவினார்.

"தண்ணீரோடு போராடுகிறார்கள் ஐயா" என்றார் அவர்.

அவ்விடை முழு உண்மை. பாறையுப்பு வெட்டுதல் 1964ஆம் ஆண்டிலும், வணிக நோக்கிலான உப்பு உற்பத்தி 1996ஆம் ஆண்டிலும் நிறுத்தப்பட்டன. ஆனால் வேலை நிற்கவில்லை. 1992ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நான்காந் தளத்திலுள்ள மினா என்னும் நடைவழியில் நீர் பெருகிப் பாய்ந்து மண்ணையும் அரித்துச் சென்றதில், மேலே நகரின் நிலம் தாழ்ந்தது. அருகிலிருந்த மடாலயமும் புகையிரதப் பாதையும் ஆபத்துக்குள்ளாயின. அப்பெருக்கை அடக்குவதற்கு நீண்டகால உழைப்புத் தேவைப்பட்டது. இன்றும் உள்ளே கசியும் நீர் நாள்தோறும் திரட்டப்பட்டு மேலே இறைக்கப்படுகின்றது. அவ்வுவர்நீரைக் காய்ச்சி உப்பும் எடுக்கப்படுகின்றது. நலிந்த அறைகள் மணலிட்டு நிரப்பப்படுகின்றன, தூண்கள் மாற்றப்படுகின்றன. முன்னோர் குடைந்ததை இன்றையோர் நிரப்புகின்றனர். முன்பு உப்பை வெளிக்கொணர்வதற்காக உழைத்தவர்களின் பேரர்கள், இன்று உப்பு கரைந்துவிடாதிருப்பதற்காக உழைக்கின்றனர்.

நீர் ஊற்றாகவும் மழையாகவும் மட்டும் வருவதில்லை, மூச்சாகவும் வருகின்றது. ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இங்கு வருகின்றனர். அவர்கள் செலுத்தும் கட்டணம் சுரங்கத்தைக் காக்கின்றது; அவர்கள் விடும் மூச்சின் ஈரமோ உப்பிற்கு ஒவ்வாதது. காற்றின் ஈரத்தாற் சிற்பங்கள் கரைந்துவந்தமையாலேயே 1989 முதல் 1998 வரை யுனெஸ்கோ இதனை ஆபத்துக்குள்ளான மரபுரிமைகளின் பட்டியலில் வைத்திருந்தது. ஈரம் அகற்றும் பொறிகள் அமைக்கப்பட்ட பின்னரே அந்நிலை நீங்கியது. காண்போர் வராவிடின் காக்கப் பொருளில்லை. காண்போர் வந்தாலோ காக்கவேண்டிய தேவை மிகுகின்றது. இம்முரண்பாட்டுக்கு முடிவான தீர்வு இல்லை. நாள்தோறும் செய்யப்படும் வேலையே தீர்வு.

மேலே செல்வதற்கு மின்தூக்கி உண்டு. ஒடுக்கமான கூட்டினுள் அனைவரும் தோளோடு தோள் நெருங்கி நிற்க, அது இருளினூடே விரைந்து ஏறியது. வழிகாட்டி கீழேயே நின்று கையசைத்தார். அடுத்த கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது.

மாலையிற் கிராக்கோவிற்குத் திரும்பிய பயணி, பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தின் முற்றத்தில் நெடுநேரம் நின்றார். வளைவுகளும் தூண்களும் சூழ்ந்த அம்முற்றத்தில், கோட்பாடுகளைப் பற்றி உரத்து வாதிட்டவாறு மாணவர் சிலர் கடந்து சென்றனர். 1364இல் விதிக்கப்பட்ட வேதனம் கசிமிரின் மறைவுக்குப்பின் தடைப்பட்டதையும், 1400ஆம் ஆண்டில் வேறு பொருளுதவியால் கல்விக்கூடம் புத்துயிர் பெற்றதையும் அவர் அறிவார். எனினும் முதற்கடன் உப்புக்கே உரியது. அக்கடன் பணத்தாற் தீர்வதன்று. கல்வியின் செலவை எவரது உழைப்புச் சுமக்கின்றது என்பதை அறிந்திருத்தலும், அறிந்ததை அக்கல்வியின் பொருளாகவே கொள்ளுதலும் அக்கடனைத் தீர்க்கத் தொடங்கும் வழியாகலாம். உப்பிட்டவரை நினைக்கவேண்டும் என்பது தமிழர் சிறுவயதிலேயே கேட்டு வளரும் அறிவுரை. உப்பை இட்டவரோடு அதனை வெட்டியவரும் அந்நினைவில் இடம்பெறுதல் வேண்டும். கற்றோருக்கு அது மேலும் பொருந்தும்.